ஷரிபுதீன் தோண்டிய சின்னக் குழிகள்

கல்முனைச் சந்தைக்குத் திரும்பும் முனையில் ஷரிபுதீன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவரைக் கதிரையில் இருத்தி, மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, அதற்குள் ஒரு வில்லையைப் போடுவார். பிறகு அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவார். "எது தெளிவு? இதா, முந்தினதா?" என்று கேட்பார். காலையிலிருந்து கடை பூட்டும் வரை அவர் வாயில் வருவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஒரு தனி இரக்கம். ஏனென்றால் யாராவது தன்னிடம் இப்படிக் கேட்டால் அவரும் முழிக்கத்தான் செய்வார்.

ஒரு முறை வீட்டுக்கு மின்விசிறி வாங்கப் போனார். கடையில் தொங்கிய எல்லா விசிறியையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் கீழும் கதிரை போட்டு இருந்து பார்த்தார். பொழுதுபடும்போது தும்மலும் தடிமனும் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அவர் வாழ்க்கையில் சட்டென்று முடிந்த காரியம் கலியாணம் ஒன்றுதான். அதுவும் அவரிடம் யாரும் கேட்காதபடியால் முடிந்தது.

மனைவி முஸ்பிறா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். சாய்ந்தமருதில் வீடு. அந்த வீட்டோடு சேர்த்து முஸ்பிறாவுக்குச் சீதனமாக இறக்காமத்தில் ஒரு மேட்டுக் காணியும் வந்திருந்தது. அதைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தவர் விட்டுவிட்டுப் போனதும், தென்னையும் மாவும் வைத்து ஒரு தோட்டமாக்கினால் என்ன என்று முஸ்பிறாவுக்கு ஆசை வந்தது. செய்ய வேண்டியவை எல்லாம் சின்ன வேலைகள். வேலிக் கட்டைகளுக்குக் குழி, தென்னம்பிள்ளைகளுக்குக் கிடங்கு, கிணற்றிலிருந்து குழாய் தாழ்க்க ஒரு ஒடுக்கமான நீளக் கான்.

"வாற வழியில ஒரு மண்வெட்டி வாங்கிட்டு வாங்க" என்றார் முஸ்பிறா.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் ஷரிபுதீன் அதைக் கண்ணாடிக்கடைக்காரரின் காதால் கேட்டார். கிட்டப் பார்வைக்கு ஒரு வில்லை, தூரப் பார்வைக்கு ஒரு வில்லை என்றால், வட்டக் குழிக்கு ஒரு சாமான், நீளக் குழிக்கு ஒரு சாமான் இருக்கத்தானே வேண்டும்?

அடுத்த நாள் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு ஜவுபரின் இரும்புக் கடைக்குப் போனார். ஜவுபர் பொறுமைசாலி. மண்வெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். ஷரிபுதீன் ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியைப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கடைசியில் இரண்டை, தான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஜவுபரின் கையில் கொடுத்து, "காக்கா, ரெண்டையும் ஒருக்காத் தூக்கிப் பிடிங்க" என்றார். ஜவுபரும் தூக்கிப் பிடித்தார்.

"எது தெளிவு? இதா, அதா?"

"மண்வெட்டியில என்ன தெளிவு தம்பி?" என்றார் ஜவுபர். "வெட்டினா வெட்டும். விட்டாச் சும்மா கிடக்கும்."

இந்தப் பதில் ஷரிபுதீனுக்குப் போதவில்லை. அவர் வாங்கிக்கொண்டு வந்தது மண் அள்ளும் ஒரு மடக்குச் சவள். விரித்தால் சவள், பக்க விளிம்பில் மரம் அறுக்கும் வாள், பிடியின் அடிப்பக்கத்தைத் திருகினால் திசைகாட்டி. அதற்கும் கீழே ஒரு விசில். இறக்காமத்துக் காணி பஸ் ஓடும் றோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே திசை தெரியாமல் போவதற்கு ஒரு வழியும் இல்லை. "இருக்கட்டுமே" என்றார் ஷரிபுதீன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் இறக்காமம் போனார்கள். மழை கண்டு கனநாள் ஆன மண். ஷரிபுதீன் பிஸ்மி சொல்லிச் சவளைக் குத்தி, அதன் மேல் காலை வைத்து மிதித்தார். மண் அசையவில்லை. சவள் மட்டும் அழகாக மடிந்து, அவருடைய செருப்பின் நுனியைக் கவ்விக்கொண்டது. காலை இழுத்தால் சவளும் சேர்ந்து வந்தது. காணியின் நடுவில் ஒற்றைக் காலில் நின்றபடி அவர் மனைவியைக் கூப்பிட்டார். முஸ்பிறா கிணற்றடியில் இருந்ததால் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் குனிந்து விசிலை ஊதினார்.

"பாத்திங்களா, விசில் உதவித்தானே" என்று பிறகு சொன்னார்.

தன் கைக்கு வலுப் போதாது என்று அன்றைக்கு ஷரிபுதீன் முடிவு கட்டினார். கை தோற்ற இடத்தில் மெசின் வெல்லும். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கைத்தொலைபேசியில் குழி தோண்டும் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினார். ஆள் இருந்த நேரமும் பார்த்தார். ஒரு வீடியோவில், வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒருவர் ஒரு மெசினை நிலத்தில் வைத்தார், ஒரு சத்தம் கேட்டது, குழி ரெடி. சப்பாத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. ஷரிபுதீன் அந்தச் சப்பாத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு அதே மாதிரி ஒரு மெசினை அனுப்பச் சொல்லிவிட்டார்.

வந்த சாமான் பார்க்க இலேசானது. மண்ணுக்குள் திருகாணி மாதிரி இறங்க ஒரு இரும்புச் சுருள், அதற்கு மேலே பெற்றோலில் ஓடும் ஒரு சின்ன எஞ்சின், இரண்டு பக்கமும் கைபிடி. முஸ்பிறா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மண்வெட்டி எங்க?"

"இது இரிக்கக்குள்ள மண்வெட்டி என்னத்துக்கு?"

முஸ்பிறா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் கணக்கைப் பிழையாகச் செய்துகொண்டு போகும்போது, முடியும் வரை பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய வழக்கம்.

காணியில் வேலிக் கோட்டின் முதல் அடையாளத்தில் மெசினை வைத்துக் கயிற்றை இழுத்தார் ஷரிபுதீன். எஞ்சின் உறுமியது. சுருள் மண்ணைக் கிளறிக்கொண்டு ஒரு சாண் இறங்கியது. அவர் முகம் மலர்ந்து, "பாருங்க புள்ள!" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்துச் சுருள் ஒரு பழைய வீரை மரத்து வேரில் மாட்டிக்கொண்டது.

சுருள் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. சுற்ற வேண்டியது சுற்றாவிட்டால், பிடித்துக்கொண்டிருக்கிறவர் சுற்ற வேண்டும் என்பது அந்த மெசினின் நியாயம். கைபிடியோடு ஷரிபுதீன் சுற்றத் தொடங்கினார். விட்டிருக்கலாம். ஆனால் வீடியோக்காரர் "எக்காரணம் கொண்டும் பிடியை விடாதீர்கள்" என்று சொல்லியிருந்தார். ஷரிபுதீன் சொன்னதைக் கேட்கிற மனிதர். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது. தொப்பி இன்னொரு பக்கம் பறந்தது. முஸ்பிறாவைக் கடக்கும்போதெல்லாம், "நிப்பாட்டு... நிப்பாட்டு..." என்று ஒரு குரல் கிட்ட வந்து தூரப் போனது.

"விடுங்க! கைய விடுங்க!"

அவர் விட்டார். விட்டதும் போய் விழுந்த இடம் நல்ல காலத்துக்கு ஒரு வைக்கோல் கும்பி.

இதை அடுத்த காணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அச்சிமுகம்மது. முஸ்பிறாவுக்குத் தாய்மாமன் முறை. வயல் செய்கிறவர், எல்லாவற்றையும் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கிறவர். வரம்பால் ஓடி வந்தார்.

"என்ன மருமகன், இந்த ஆட்டம்?"

"குழி தோண்டினன் மாமா."

"தோண்டினதா? ஆகாயத்தில பறந்த மாதிரியல்லோ எனக்குத் தெரிஞ்ச." அவர் மெசினைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதெல்லாம் விளையாட்டுச் சாமான். இறக்காமத்து மண்ணுக்கு அலவாங்கு ஒண்டுதான் சரி. பொறுங்க, காட்டுறன்."

போய் அலவாங்கைக் கொண்டுவந்தார். ஆளுயரத்து இரும்புக் கம்பி, நுனி கூர். இரண்டு கையிலும் துப்பித் தேய்த்துக்கொண்டு தலைக்கு மேல் ஓங்கினார்.

"கவனமாப் பாருங்க மருமகன். பலத்தால குத்துறல்ல. நுனியால மண்ணோட கதைக்கணும்."

குத்தினார். மண் பிளந்தது. இரண்டாவது குத்துக்கு இன்னும் பிளந்தது. ஷரிபுதீன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குத்துக்கு மண்ணுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்குப் பீறிட்டு, அச்சிமுகம்மதுவின் தாடியை நனைத்தது.

மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"இஞ்ச ஆர் குழாய் தாட்டது?" என்று கத்தினார் அச்சிமுகம்மது. "ஆர்ர வேல இது? மத்தவன்ட காணிக்குள்ளால குழாய் இழுக்கிறதுக்கு ஒரு அளவில்லையா?"

முஸ்பிறா குழாய் போகும் திசையைக் கண்ணால் தொடர்ந்தார். அது நேராக அச்சிமுகம்மதுவின் மிளகாய்ப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, இது உங்கடதான்."

அச்சிமுகம்மது கொஞ்ச நேரம் தாடியைப் பிழிந்தார். "ஓம்," என்றார். "அந்தக் காலத்தில குறுக்கு வழியெண்டு போட்ட."

அந்த வாய் அதோடு மூடியிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அச்சிமுகம்மதுவைத் தெரியாது. குழாயைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டே அடுத்த கருத்தைச் சொன்னார். "இனிக் கையால தோண்டுறது சரிவராது. பெக்கோவக் கூப்பிடுங்க. ஒரு வாளியில எல்லாம் முடிஞ்சிரும்."

அந்த வாரமே பாண்டிருப்பிலிருந்து பவிதரன் பெக்கோ கொண்டுவந்தான். மஞ்சள் நிறம், வீட்டுக் கூரை உயரம். முன்னுக்கு மண் தள்ளும் பலகையும் பின்னுக்குத் தோண்டும் கையுமாக, காணி வாசல் கடப்புக்கு முன்னால் வந்து நின்றது. கடப்பு ஒடுக்கம். பெக்கோ அகலம். உள்ளே விடுவதற்கு வேலியில் ஒரு துண்டைப் பிடுங்க வேண்டி வந்தது. கட்டை நடக் குழி தோண்ட வந்த மெசினுக்காக ஏற்கனவே நின்ற கட்டைகளைப் பிடுங்குவதை முஸ்பிறா குடைக்குக் கீழே நின்று பார்த்தார்.

"தம்பி, சின்னக் கிடங்கு. தென்னம்பிள்ளை வைக்க" என்றார் ஷரிபுதீன். கைகளை விரித்து அளவும் காட்டினார்.

பவிதரன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான். "நானா, அந்தளவுக்கு எண்டாச் சின்ன வாளி பூட்டணும்."

"பூட்டுங்க."

"அது எங்கட அண்ணன் வேற வேலைக்குக் கொண்டு போயிட்டார். பெரிசுதான் கிடக்கு. மெல்லமா எடுக்கிறன்."

மெல்லமாகத்தான் எடுத்தான். பெக்கோவின் கை சோம்பல் முறிப்பதுபோல் நீண்டு, ஒரு முறை மண்ணை அள்ளியது. மண் பக்கத்தில் ஒரு குன்றாகக் குவிந்தது. விளிம்பைச் சரிசெய்கிறேன் என்று இன்னும் ஒரு முறை அள்ளினான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, தலையைச் சொறிந்தான்.

முஸ்பிறா தென்னம்பிள்ளையைக் கையில் எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினார். மேலே நின்றவர்களுக்குக் குடையின் உச்சி மட்டும் தெரிந்தது.

"இஞ்சால வைக்கவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இல்லாட்டி அங்கால ஒரு அறை கட்டிட்டு, அதுக்குப் பக்கத்தில வைக்கவா?"

பவிதரன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் பெக்கோவின் சில்லுக்குப் பின்னால் போய் நின்றான். நல்ல பொடியன். "நானா, மிச்சத்த நான் தோண்டமாட்டன். தோண்டினா உங்களுக்குக் காணி மிஞ்சாது" என்று சொல்லி, பிடுங்கிய கட்டைகளைத் தானே திருப்பிச் சாத்திவிட்டுப் போனான்.

ஷரிபுதீன் மனமுடைந்து போனார். சில நாட்கள் காணிப் பேச்சையே எடுக்கவில்லை. கடையில் வில்லை மாற்றும்போதுகூட "எது தெளிவு?" என்று அவர் கேட்டதில் ஒரு சோகம் இருந்ததாக வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். இதற்கிடையில் முஸ்பிறா தனியாகப் போய், கிணற்றடிப் பக்கத்து ஈர மண்ணில் மரவள்ளித் தடிகளை வரிசையாக ஊன்றிவிட்டு வந்திருந்தார். அதற்குக் குழி தேவைப்படவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து, மரவள்ளி கிழங்கு பிடிக்கத் தொடங்கியிருக்குமா என்று பார்க்க இருவரும் ஒரு காலையில் போனார்கள். கடப்பைத் திறந்ததும் அப்படியே நின்றார்கள். கிணற்றடி முழுவதும் கிண்டிப் புரட்டிக் கிடந்தது. மரவள்ளி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஈர மண்ணில் பிளந்த குளம்பு அடையாளங்கள். ஆனால் மரவள்ளி நின்ற இடங்களில் எல்லாம் குழிகள் இருந்தன. வட்டமான, அளவான, இடைவெளி பிசகாத குழிகள்.

"அதுதான் வந்திரிக்கி" என்றார் முஸ்பிறா தாழ்ந்த குரலில். அந்த மிருகத்தின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஷரிபுதீன் ஒரு குழியின் அருகில் குந்தினார். சட்டைப் பையிலிருந்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி பார்க்கும் சின்ன அளவுகோலை எடுத்துக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். அது காணாமல் போகும் அளவுக்கு ஆழம். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு விதமான பொறாமை தெரிந்தது.

"மூக்கால செஞ்சிரிக்கி" என்றார். "மூக்கால மட்டும்."

"எழும்புங்க."

"தென்னம்பிள்ளைக்கு இதவிடச் சரியான குழி இல்ல புள்ள."

"அதுக்காக அது கிண்டின குழியிலயா வைக்கிற?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேள்வியையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினார்கள்.

விடை தானாகவே கடைக்கு வந்தது. பள்ளிவாசல் மௌலவிக்கு வாசிப்புக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அவரைக் கதிரையில் இருத்தி, சட்டத்தை மூக்கில் மாட்டி, வலது வில்லையைப் போட்டுவிட்டு ஷரிபுதீன் கேட்டார்:

"மௌலவி, மார்க்கத்தில ஒரு மசலா கேக்கணும். காட்டு மிருகம் ஒண்டு கிண்டின குழியில தென்னம்பிள்ளை வைக்கலாமா?"

"என்ன மிருகம்?"

ஷரிபுதீன் சொல்லாமல் விரலால் மூக்கைச் சப்பையாக அழுத்திக் காட்டினார். மௌலவி ஒற்றை வில்லைக்குள்ளால் அவரை உற்றுப் பார்த்தார். அந்தக் கண் மட்டும் தேங்காய் அளவுக்குத் தெரிந்தது.

"மண் என்ன செய்யும் பாவம்" என்றார். "நல்ல மழை ரெண்டு பெய்யட்டும். பிறகு மேல் மண்ண வழிச்சித் தள்ளிப்போட்டு, புது மண் போட்டு வைங்க. மனசும் சுத்தமாயிரும்." பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. "ஆனா ஒண்டு ஷரிபுதீன். அதுக்குக் கூலி கீலி குடுக்கப் போயிராதிங்க."

மௌலவி சிரித்த சிரிப்பில் வில்லை கழன்று மேசைக்குக் கீழே உருண்டது. அன்றைக்கு அவருடைய கண்ணைச் சோதித்து முடிக்க மத்தியான ளுஹர் தொழுகை நேரம் வந்துவிட்டது.

மாரி மழை தொடங்கியது. இரண்டு நல்ல மழைக்குப் பிறகு முஸ்பிறா பாடசாலை விட்டு வரும் வழியில் ஜவுபரின் கடை வாசலில் நின்றார். கதவுக்குக் கிட்டத் தொங்கிய மண்வெட்டியைக் காட்டி, "அதைத் தாங்க காக்கா" என்றார். ஜவுபர் அதைக் கழற்றிக் கொடுக்கும்போது, "ஆளுக்கு இது தெளிவாத் தெரியுமா எண்டு கேட்டிங்களா?" என்றார். முஸ்பிறா சிரித்துக்கொண்டே வந்தார்.

மழை ஊறிய மண் பிட்டு மாதிரி இருந்தது. முஸ்பிறா மேல் மண்ணை வழித்தார். ஷரிபுதீன் குடை பிடித்தார். பிறகு வெட்கம் வந்து மண்வெட்டியைத் தான் வாங்கிக்கொண்டார். முதல் வெட்டு அவர் நினைத்த இடத்தில் விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. ஆனால் மண் வந்தது. வெட்டினால் வெட்டியது, விட்டால் சும்மா கிடந்தது. பொழுதுபடுவதற்குள் எட்ட எட்டக் குழியாகப் பார்த்துத் தென்னம்பிள்ளைகள் எல்லாம் வைத்தாகிவிட்டது. உள்ளங்கையில் கொப்புளம் வந்ததை ஷரிபுதீன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். தூரப் பார்வை குறைந்தவர்களுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார்.

பெக்கோ தோண்டிய கிடங்கில் மழைத் தண்ணீர் நிறைந்து தவளைகள் குடியேறின. அச்சிமுகம்மது அதில் நீந்தத் தாராக்களை விட்டுவிட்டு, அது ஆரம்பத்திலிருந்தே தன் யோசனை என்று ஊரில் சொல்லித் திரிகிறார்.

சுற்றுகிற மெசின் மட்டும் வீட்டு மூலையில் சாக்குப் போர்த்துக் கிடந்தது. அதை விற்றுவிடலாம் என்றிருந்த நேரம், கடற்கரைப் பக்கம் இருக்கும் ஷரிபுதீனின் தம்பி அஸ்கி தன் வளவுக்குத் தகர வேலி அடைக்க வேண்டும் என்றான். ஷரிபுதீன் மெசினைத் தூக்கிக்கொண்டு போனார். முஸ்பிறா வரவில்லை, விடைத்தாள் திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டார்.

கடற்கரை மணல், மழையில் நனைந்து இறுகியிருந்தது. வேர் இல்லை, கல் இல்லை. ஷரிபுதீன் காலை அகல ஊன்றி, இந்த முறை பிடியை விடுவதற்கும் தயாராக நின்று, கயிற்றை இழுத்தார். சுருள் வெண்ணெய்க்குள் கத்தி போல இறங்கியது. தூக்கினார். குழி. வட்டமான, சுத்தமான குழி. சப்பாத்துப் போடாத காலில்கூட மண் இல்லை.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒழுங்கையில் சனம் கூடிவிட்டது. யாரோ "மாஷா அல்லாஹ்" என்றார்கள். ஒரு பெண் தன் வளவிலும் ஒன்று தோண்டித் தரும்படி கேட்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. தோண்டுவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறதாம். ஷரிபுதீன் அதையும் தோண்டினார். வேலிக் கோடு முடிந்தது. அவர் முடிக்கவில்லை.

"காக்கா, போதும்" என்றான் அஸ்கி. "கட்டை முடிஞ்சி."

"இன்னும் ஒண்டே ஒண்டு."

"கோழி ஒண்டு விழுந்திரிச்சி காக்கா!"

"எடுத்து விடுடா. இதையும் தோண்டிட்டு வாறன்."

அஸ்கி கோழியை எடுத்து விட்டுவிட்டு அண்ணிக்குத் தொலைபேசி எடுத்தான். முஸ்பிறா கையில் சிவப்புப் பேனையோடு வந்து சேர்ந்தபோது, அஸ்கியின் முற்றம் சல்லடை மாதிரி இருந்தது. நடுவில் ஷரிபுதீன், வியர்வையும் சிரிப்புமாக, மூக்குக்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்க, மெசினோடு நின்றுகொண்டிருந்தார். கலியாண நாளில்கூட அந்த முகம் இவ்வளவு வெளிச்சமாக இருந்ததாக முஸ்பிறாவுக்கு நினைவில்லை.

கூட்டம் மெல்ல விலகியது. ஏச்சு விழப்போகிறது என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஷரிபுதீனும் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முஸ்பிறா குழிகளுக்கு நடுவால் கவனமாகக் கால் வைத்து நடந்து வந்தார். சிவப்புப் பேனையை அஸ்கியின் கையில் கொடுத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் கணவனிடம். "கயிறு எது? இதுவா?"